பலாமரத்தடி மத்தியானம்

சித்திரை மாதம், மத்தியானம் பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். சாவகச்சேரியில் எங்கள் வளவின் பின்புறத்தில் ஒரு வருக்கன் பலா நிற்கிறது. அதன் வேருக்கும் கிணற்றுக்கட்டுக்கும் நடுவில் எங்கள் நாய் ஒரு குழி கிண்டி வைத்திருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இதே நேரத்துக்குத்தான் அங்கே போகும். முதலில் நின்று மோந்து பார்க்கும். பிறகு முன்னங்கால்களால் ஆறேழு தரம் மணலை வாரிப் பின்னுக்கு எறியும். மேலே கிடந்த காய்ந்த மணல் போய், கறுத்த ஈரமண் தெரிந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பின்னங்கால்களைத் தவளைபோல அகட்டி, அடிவயிறு முழுக்க மண்ணில் படும்படி விழுந்து படுக்கும். நாயின் உடம்பில் மயிர் குறைந்த இடம் அடிவயிறு. அந்த இடத்தைத்தான் அது குளிர்ந்த மண்ணில் வைக்கிறது.

அந்த நேரத்தில் வளவையே ஒருமுறை சுற்றிப் பார்த்தால் எல்லாமே இப்படித்தான் இருக்கும். பூவரசு வேலியின் நிழலில் கோழிகள் சிறகைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தபடி புழுதிக்குள் கிடக்கும். மதிலில் இருக்கும் காகம் வாயைப் பிளந்துகொண்டு இரைக்கும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயின், தொண்டையின் ஈரம் ஆவியாகிப் போவதுதான் அதற்கு வியர்வை. அணில் ஒன்று தென்னை மட்டையில் கையும் காலும் விரித்து ஒட்டிக் கிடக்கும். விடியப்புறம் முழுக்கக் கத்திய குயிலின் சத்தம் இல்லை. காலையில் வேலிக் கதியாலில் தலையை ஆட்டிக்கொண்டிருந்த ஓணானையும் காணவில்லை.

சின்ன வயதில் இந்த நேரத்தில் வெளியே போக விடமாட்டார்கள். "தம்பி, உச்சிப்பொழுதிலை ஒழுங்கையிலை நிக்காதை, முனி உலாவுற நேரம், உள்ளுக்கை வா" என்பார் அம்மம்மா. முனி உலாவும் நேரங்கள் என்று அவர் சொன்னவை இரண்டு: ஒன்று நடுச்சாமம், மற்றது உச்சிப்பொழுது. இருட்டான நேரத்தையும் வெளிச்சம் அதிகமான நேரத்தையும் ஏன் ஒன்றாகச் சேர்த்தார்கள் என்று அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. இரண்டும் உயிர்கள் அடங்கும் நேரம். எங்கள் ஊரில் ஒரு நாளுக்குள் இரண்டு இரவுகள் இருக்கின்றன. ஒன்று வெளிச்சம் போவதால் வருவது. மற்றது வெக்கை ஏறுவதால் வருவது.

ஒரு விலங்கு எப்போது அலைய வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்குச் சொல் உண்டு. ஒருவர் உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு. மற்றவர் வெளியே இருக்கும் வெக்கை. பாலூட்டிகளில் அந்த மணிக்கூட்டின் தலைமையிடம் மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. நம்மில் அது ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட சின்னஞ்சிறு முடிச்சு. காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் அது தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. வெளிச்சமே இல்லாத அறையில் அடைத்து வைத்தாலும் ஏறத்தாழ 24 மணிக்கு ஒரு சுற்று என்று தானாக ஓடிக்கொண்டே இருக்கும்.

சாவகச்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. அதனால் இங்கே வெளிச்சம் சொல்லும் நேரம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஆனியில் வரும் மிக நீண்ட பகல் 12 மணி 40 நிமிடம் அளவு. மார்கழியில் வரும் மிகக் குறுகிய பகல் 11 மணி 30 நிமிடம் அளவு. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரருக்குக் கோடையில் 15 மணிக்கு மேல் பகல், மாரியில் 9 மணிக்கும் குறைவு. அங்கே இருக்கும் விலங்கு பகலின் நீளத்தைப் பார்த்தே பருவத்தைக் கண்டுகொள்ளும். இங்கே அது பெரிதாக உதவாது. இங்கே மாறுவது வெயிலின் உறைப்பும் காற்றின் ஈரமும்தான். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 15 அளவில், சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருகிறது. ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தரம் வரும். அந்த ஏப்ரல் நாட்களில் மத்தியானம் 12.10 அளவில் துலாக்கால் நிழல் தன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். எங்கள் நாய்க்குப் பஞ்சாங்கம் தெரியாது. ஆனாலும் அந்த வாரங்களில்தான் குழி ஆகவும் ஆழமாகிறது.

குழிக்குப் போகும் முன் அது நெடுநேரம் இரைக்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் சொல்லத்தக்க வியர்வை. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி நாக்கும் மூக்கும் மூச்சும். இரைக்கும் நாய் நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேலும் மூச்சு விடும். இவ்வளவு வேகமாகத் தசையை ஆட்டினால் அதுவே சூட்டை உண்டாக்காதா என்ற கேள்வி வரும். 1962இல் இதை அளந்து பார்த்தவர் யூஜின் குரோஃபோர்ட். நாயின் நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இயல்பான ஓர் ஆட்டம் உண்டு. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் மெல்லத் தட்டினாலே அது போய் வருவது போல. நாய் இரைக்கும் வேகம் அந்த ஆட்டத்தோடு பொருந்தி நிற்கிறது. அதனால் கொஞ்சச் செலவில் நிறையக் காற்று போய் வருகிறது. எங்கள் ஊரில் இதற்கு ஒரு தடையும் உண்டு. தெற்கே கடல்நீரேரி, காற்றில் எப்போதும் ஈரம். காற்று ஏற்கனவே ஈரத்தைச் சுமந்திருந்தால் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. வெப்பமானி 33 பாகை செல்சியஸ் காட்டும் நாளிலும் நாய்க்கு இரைப்பு மட்டும் போதாமல் போவது இதனால்தான். அப்போது அது மண்ணின் உதவியைத் தேடுகிறது.

அந்த மண்ணின் கதை எனக்கு நாயின் கதையைவிட வியப்பாக இருக்கிறது. உச்சி வெயிலில் வெறும் மணலின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும். செருப்பில்லாமல் கிணற்றடிக்கு நடந்தவர்களுக்கு அளந்து சொல்லத் தேவையில்லை. ஆனால் வெப்பம் மண்ணுக்குள் மிக மெதுவாகவே இறங்குகிறது. இறங்க இறங்க மெலிகிறது, பிந்தியும் போகிறது. ஏறத்தாழ ஓர் அடி ஆழத்துக்குப் போகும்போது பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசமே தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். மத்தியான வெக்கையின் மிச்சம் அங்கே போய்ச் சேர அரை நாளாகிவிடும். மேலே வெயில் கொளுத்தும்போது கீழே இன்னும் விடியற்காலம். நாய் கிண்டுவது மண்ணைத்தான். ஆனால் அது போய்ச் சேர்வது அன்றைய நாளின் வேறொரு நேரத்துக்கு.

குழியில் கிடந்தாலும் அந்த மத்தியானத் தூக்கம் முழுத் தூக்கம் இல்லை. கிட்டப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண் மூடியிருக்கும், காது திரும்பிக்கொண்டே இருக்கும். இடைக்கிடை எழும்பி நாலு மூச்சு இரைத்துவிட்டு மறுபடி படுக்கும். விடியப்புறம் நாலு மணிக்கு விறாந்தையில் அதே நாயைப் பார்த்தால் கால்கள் ஓடுவது போலத் துடிக்கும், உதடு நடுங்கும், தொண்டைக்குள் சின்னக் குரைப்பு வரும். கனவு காண்கிறது. கனவுத் தூக்கத்தின்போது பாலூட்டியின் மூளை உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை ஏறக்குறைய நிறுத்தி வைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் இரைக்க முடியாது, குளிரில் நடுங்கவும் முடியாது. அந்தச் சில நிமிடங்களுக்கு அது ஓணானைப் போலச் சுற்றுச்சூழலின் கையில் இருக்கிறது. ஆகவே வெக்கை கூடிய நேரத்தில் மூளை கனவைக் குறைத்துக்கொள்கிறது. உடம்புக்கு இதமான வெப்பம் இருக்கும் நேரத்துக்கு அதைத் தள்ளி வைக்கிறது. கண்ணை மூட மத்தியானம் போதும், கனவு காண விடியப்புறம் வேண்டும்.

இப்படி வெளி வெப்பம் இவ்வளவு செய்கிறதென்றால் மணிக்கூட்டுக்கு என்ன வேலை? இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் வெப்பம் மாறாத, வெளிச்சம் நுழையாத ஓர் இடம் வேண்டும். அப்படியொரு இடத்தில் நடந்த ஆராய்ச்சி கடலுக்கு அந்தப் பக்கம், மதுரைக்குப் பக்கத்தில், சமணர் மலைக் குகையில் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மணிக்கூடுகளை ஆராய்ந்த பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன், ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் எர்வின் பியுன்னிங்கிடம் இந்தத் துறையைப் பழகி வந்தவர். 1970களின் கடைசியிலும் 1980களிலும் அவரும் ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் ஆகியோரும் அந்தக் குகைக்குள் பூச்சி தின்னும் சிறு வௌவால்களோடு நாட்களைக் கழித்தார்கள். ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்று பெயர் கொண்ட அந்த வௌவால் எங்கள் தீவிலும் உண்டு.

குகையின் உள்ளே இருட்டு ஒரே இருட்டு. வெப்பமும் ஈரமும் இரவு பகல் என்று மாறுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் மைம்மல் பொழுதில், வெளியே வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு, வௌவால்கள் விழித்துப் புறப்பட்டன. ஒரு வௌவாலைப் பிடித்துக் கூண்டில் வைத்து அதே குகைக்குள் விட்டார்கள். அது வெளியே போகவில்லை, வெளிச்சத்தையும் காணவில்லை. ஆனால் சுற்றியிருந்த மற்ற வௌவால்கள் போய் வரும் நேரத்தோடு ஒட்டி அதுவும் விழித்தது, அடங்கியது. வௌவால் இல்லாத இன்னொரு குகையில் தனியாக வைத்தபோது அதன் நாள் 24 மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வழுவி, வெளி உலகத்தின் நேரத்தோடு ஒட்டாமல் போயிற்று. வெளிச்சத்தைக் காணாத வௌவாலுக்குக் கூட்டத்தின் சந்தடியே மணி அடித்திருக்கிறது. பின்னர் வெளிச்சத்தைக் கொண்டும் சோதித்தார்கள். அரை மில்லிசெக்கன் நேரம் மட்டும் மின்னும் ஒளிவெட்டு ஒன்றே அந்த வௌவாலின் மணிக்கூட்டை நகர்த்தப் போதுமாக இருந்தது. சமணத் துறவிகள் தங்கியிருந்த மலையில், ஒரு கை அகல வௌவாலிடம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட இந்த ஆராய்ச்சி எங்கள் பாடசாலைப் புத்தகங்களில் இல்லாதது எனக்கு ஆறாத குறை.

வௌவால் வெப்பக் குருதி உயிர். ஈக்கும் பல்லிக்கும் உடம்பின் வெப்பம் சுற்றியிருக்கும் காற்றின் வெப்பத்தோடு ஏறி இறங்கும். வேதியியலில் ஒரு பொது வழக்கு உண்டு: வெப்பம் 10 பாகை ஏறினால் வினையின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். உயிரின் மணிக்கூடும் வேதி வினைகளால் ஆனதுதான். அப்படியானால் சித்திரையில் ஒரு ஈயின் நாள் 12 மணியில் முடிந்துபோக வேண்டும், மார்கழிக் குளிரில் இழுபட்டுக் கிடக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. 1954இல் கொலின் பிட்டென்ட்ரி பழ ஈக்களை வைத்து இதைக் காட்டினார்: வெப்பத்தை 10 பாகை குறைத்தபோதும், கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளிவரும் நாள்முறை 24 மணியை ஒட்டியே நின்றது. வெப்பத்தோடு வேகம் கூடினால் அது வெப்பமானி ஆகிவிடும். மணிக்கூடாக இருக்க வேண்டுமானால் வெக்கைக்கு அசையாமல் இருக்கத் தெரிய வேண்டும். அதை உயிர் எப்படியோ கற்றுக்கொண்டிருக்கிறது.

அந்த ஈயைப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம், பலாப்பழக் காலத்தில் சாவகச்சேரிச் சந்தைக்கு வந்தால் போதும். எங்கள் தென்மராட்சிப் பகுதியின் பலாவுக்கும் மாவுக்கும் தனிப் பெயர் உண்டென்பது எல்லோருக்கும் தெரியும். வெட்டிப் பிளந்து வைத்த பலாப்பழத்தின் மேல் எள்ளளவில், சிவந்த கண்ணோடு மொய்க்கின்றனவே, அவைதான். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குள் புழு வைக்கும் பெரிய ஈ வேறு; இது புளித்த பழத்தைத் தேடி வரும் சின்ன ஈ. காலையில் மொய்க்கும். மத்தியானத்தில் குறைந்துவிடும். வெயில் சாய்ந்ததும் மறுபடி வந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் அது எங்கோ நிழலில் அசையாமல் நிற்கிறது. ஈ நிற்கிறதா தூங்குகிறதா என்பதற்கு விடை 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. அசையாமல் நிற்கும் ஈயை எழுப்பக் கூடுதலாகத் தட்ட வேண்டியிருக்கிறது. தூங்க விடாமல் கலைத்துக்கொண்டே இருந்தால் பிறகு அந்தக் கடனைச் சேர்த்துத் தூங்கித் தீர்க்கிறது. தூக்கம்தான்.

ஈயின் மணிக்கூட்டுக்குச் சாவி 1971இல் கிடைத்தது. கலிபோர்னியாவில் றொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் நேரம் தவறிய ஈக்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒன்றுக்கு நாள் 19 மணி, இன்னொன்றுக்கு 28 மணி, மூன்றாவதற்கு நாளே இல்லை. மூன்றிலும் பழுது ஒரே மரபணுவில் இருந்தது. அதற்குப் 'பீரியட்' என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணு தரும் புரதம் இரவில் சேர்ந்து, போதிய அளவு வந்ததும் தன்னை உண்டாக்கும் மரபணுவையே அடைத்துவிடும், பிறகு சிதைந்து போகும், அடைப்பு நீங்கும், மறுபடி சேரத் தொடங்கும். சேர்ந்து கரையும் ஒரு சுற்றுத்தான் ஒரு நாள். இந்த வேலையை விளக்கிய ஜெஃப்ரி ஹோல், மைக்கல் றொஸ்பாஷ், மைக்கல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

மத்தியானத் தூக்கம் இதில் எங்கே வருகிறது? அமெரிக்காவின் றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐசக் எடெரியின் குழு இதைப் பார்த்தது. அதே பீரியட் மரபணுவின் நகலில், கடைசிப் பக்கத்தில், வெட்டி எறிய வேண்டிய ஒரு சிறு துண்டு இருக்கிறது. குளிரான நாளில் அந்த வெட்டு நன்றாக நடக்கிறது; புரதம் வேளைக்குச் சேர்கிறது; ஈ மத்தியானத்தோடு எழும்பி, பகல் வெளிச்சத்திலேயே பின்னேர வேலையைத் தொடங்குகிறது. சூடான நாளில் வெட்டு மந்தமாகிறது, புரதம் பிந்துகிறது, மத்தியானத் தூக்கம் நீள்கிறது, ஈ மைம்மலில்தான் கிளம்புகிறது. நாளின் நீளத்தை வெப்பம் தொடவே இல்லை. நாளுக்குள் ஓய்வு எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் நகர்த்துகிறது. இன்னும் ஒன்று: உலகமெங்கும் பரவிய பழ ஈயிடம்தான் இந்த நெகிழ்வு உண்டு. ஆபிரிக்காவின் வெப்ப மண்டலத்தை விட்டுப் போகாத அதன் உறவு ஈக்களில், 2008இல் வெளியான ஆய்வின்படி, அந்த வெட்டு வெப்பத்தைப் பார்த்து மாறுவதில்லை. மத்தியானத் தூக்கம் அவற்றில் நிலையாக இருக்கிறது. எந்நாளும் மத்தியானம் சுடும் ஊரில் இன்றைக்குச் சுடுமா என்று ஒவ்வொரு நாளும் யோசிக்க வேண்டியதில்லை.

மத்தியான ஓய்வு என்றால் வெக்கை தாங்காமல் ஒதுங்குவது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உடம்பு அதை முன்கூட்டியே நேரசூசியில் எழுதி வைத்திருக்கிறது. மேகம் மூடிய நாளிலும் எங்கள் நாய் பன்னிரண்டு மணிக்குப் பலாமரத்தடிக்குப் போய்ப் பார்க்கிறது. கிண்டுகிறதா இல்லையா என்பதைத்தான் மண்ணைத் தொட்ட பிறகு முடிவு செய்கிறது.

மாட்டின் கணக்கு வேறு. மாட்டின் வயிற்றுக்குள் எந்நேரமும் எரியும் அடுப்பு ஒன்று இருக்கிறது. புல்லும் வைக்கோலும் நுண்ணுயிர்களால் புளிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. நிறையத் தின்ற மாடு வெளியே வெயிலையும் உள்ளே அடுப்பையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். வெக்கை கூடினால் மாடு படுக்காது. நாய் படுத்துச் சூட்டை மண்ணுக்குக் கொடுக்கிறது. மாடு நின்று காற்றுக்குக் கொடுக்கிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துப் பண்ணை ஒன்றில் அளந்தார்கள், 2007இல் வெளியான ஆய்வு அது. குளிரான நாட்களில் மாடுகள் நாளுக்கு 10.9 மணித்தியாலம் படுத்திருந்தன. மிகச் சூடான நாட்களில் 7.9 மணித்தியாலம். மூன்று மணித்தியால ஓய்வை வெக்கை தின்றுவிடுகிறது. படுக்காத மாட்டுக்குக் காலும் குளம்பும் நோகும், இரைமீட்டலும் குறையும், பாலும் குறையும். பிரீசியன் கலப்புக் கறவையை மத்தியானத்தில் தகரக் கொட்டிலுக்குள் கட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும். குறுகிய உடம்பும் தளர்ந்த தோலுமாக எங்கள் ஊர்மாடு கொடுப்பது ஒரு போத்தல் பால் என்றாலும், இந்த வெயிலில் படுக்கத் தெரிந்த மாடு அது.

மாரியில் ஏ9 வீதியால் இரவுப் பேருந்தில் வந்தவர்களுக்கு இன்னொரு காட்சி தெரியும். நடுச்சாமத்தில் தார் வீதியின் நடுவில் மாடுகள் குடும்பத்தோடு படுத்து இரைமீட்டுக்கொண்டிருக்கும். கோபம் வரும், பயமும் வரும், விபத்துகள் நடக்கின்றன. மாட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த இடத்தின் அருமை தெரியும். நனைந்த நிலத்தில் மாடு படுக்க விரும்பாது. வயலும் வெளியும் சேறாகக் கிடக்கும்போது உயர்ந்து காய்ந்து கிடப்பது வீதிதான். பகலில் கறுப்புத் தார் குடித்த வெயிலை இரவில் மெல்ல மெல்லக் கக்குகிறது.

அந்த இரைமீட்டலையே ஒரு பாதித் தூக்கம் என்று சொல்லலாம். மாடு நாளுக்கு நாலு மணித்தியாலம் அளவில்தான் உண்மையாகத் தூங்குகிறது. அதற்கு மேலே பல மணித்தியாலம் கண் பாதி செருகி, வாய் மட்டும் அசைய, விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் கிடக்கிறது. இதற்கு அழகான சான்று வந்த இடம் நோர்வேயின் வடக்கு. 1980களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குப் போன ஃபின்மார்க் பக்கம் அது. கோடையில் சூரியன் மறையாது, மாரியில் உதிக்காது. அங்கே இருக்கும் பனிமான் அந்தக் காலங்களில் இரவு பகல் என்ற ஒழுங்கைக் கைவிட்டு, மேய்வதும் அசைபோடுவதுமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. ட்ரொம்சோ நகரில் பனிமான்களின் மூளை அலைகளைப் பதிந்து 2023 கடைசியில் வெளியிட்ட ஆய்வு, இரைமீட்கும் மானின் மூளை அலை ஆழ்ந்த தூக்கத்தின் அலையை ஒத்திருக்கிறது என்று காட்டியது. கூட இரைமீட்ட மானுக்குப் பிறகு தூக்கம் குறைவாகவே தேவைப்பட்டது. உச்சிவெயிலில் புளியமர நிழலில் வாயசைத்து நிற்கும் பசுவை இனிமேல் சும்மா நிற்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மாரி கழிந்த மாதங்களில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பூநாரைகள் வந்து நிற்கும். ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை முதுகில் வளைத்துத் தூங்கும். மெல்லிய காலால் தண்ணீருக்குள் போகும் சூட்டைப் பாதியாக்க ஒரு காலை இறகுக்குள் வைக்கிறது என்பது ஒரு விளக்கம். குளிர் கூடினால் ஒற்றைக் காலில் நிற்பதும் கூடுவதை 2010இல் அளந்தார்கள். 2017இல் இன்னொரு விளக்கம் வந்தது: பூநாரையின் உடலமைப்பில் ஒற்றைக் காலில் நிற்பதற்குத் தசையின் உழைப்பே ஏறக்குறைய வேண்டாம். இறந்த பூநாரையின் உடல்கூட ஒற்றைக் காலில் நிலையாக நின்றது. இரண்டும் உண்மையாக இருக்கத் தடையில்லை.

நத்தையின் ஓய்வு மாதக் கணக்கு. 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கப் பெருநத்தை மாரி மழையில் ஊர்ந்து பயிரைத் தின்னும். கோடை வந்ததும் மண்ணுக்குள்ளோ மதில் இடுக்கிலோ புகுந்து, ஓட்டின் வாயைச் சவ்வால் மூடிவிடும். மழை வரும்வரை மூச்சும் இதயத் துடிப்பும் குறைந்து கிடக்கும். அதற்கு மத்தியானம் மாசியில் தொடங்கி ஐப்பசியில் முடிகிறது.

மனிதர் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. தன்சானியா, நமீபியா, பொலிவியா நாடுகளில் மின்விளக்கு இல்லாமல் வாழும் மூன்று சமூகங்களின் தூக்கத்தைப் பற்றிய ஆய்வை 2015இல் ஜெரோம் சீகலின் குழு வெளியிட்டது. அவர்கள் சூரியன் மறைந்ததும் தூங்கப் போகவில்லை. சராசரியாக மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு, காற்றின் வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும்போது தூங்கினார்கள். வெப்பம் ஆகக் குறையும் விடியப்புறத்தை ஒட்டி எழும்பினார்கள். உடம்பு தன் உள்வெப்பத்தை ஒரு பாகையளவு இறக்கித்தான் தூக்கத்துக்குள் போகிறது. வெளியே இறங்க மறுத்தால் உள்ளே இறங்குவதும் கடினம். வைகாசியில் எங்கள் இரவுகள் 27 பாகைக்குக் கீழே வராமல் நிற்கும்போது, பாயை முற்றத்தில் போட்டுக்கொண்டு சோழகக் காற்றுக்குக் காத்திருந்த தலைமுறை எங்களுடையது. கிடுகுக் கூரை பகலின் வெயிலை உள்ளே விடாது, இரவில் வைத்திருக்கவும் செய்யாது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள் கைக்குக் கிடைத்த தகரத்தைப் போட்டார்கள். வேறு வழி இருக்கவில்லை.

2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகரம் இடிந்ததை எழுதினார்கள். தலையறுந்து நின்ற தென்னைகளையும் பனைகளையும் படம் பிடித்தார்கள். நிழல் போனதைப் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை. மரநிழலும் தகர நிழலும் ஒன்றல்ல. தகரம் வெயிலை வாங்கி உள்ளே வீசும். மரம் வேரால் இழுத்த தண்ணீரை இலையால் ஆவியாக்கித் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றையும் குளிர்த்தும். ஒரு பலா கிளைபரப்பி, அடியில் மண் கறுத்து ஈரம் பிடித்து, ஒரு நாய்க்குக் குழி கிண்டத் தோன்ற இருபது வருடம் வேண்டும். எங்கள் வருக்கன் அப்பா திரும்பி வந்த வருடம் வைத்த கன்று.

பின்னேரம் ஐந்தரைக்கு நாய் எழும்பும். மணலை உதறும். முன்னங்காலை நீட்டி, முதுகை வளைத்து, ஒழுங்கைப் பக்கம் போகும். மைம்மலில் பழந்தின்னி வௌவால்கள் ஒவ்வொன்றாக மேலே கடந்து போகும். பனை வட்டுக்குள் பகல் முழுக்கக் கிடந்த மரநாய் இறங்கத் தொடங்கும். சித்திரை இரவில் எங்கள் நாய் அந்தக் குழிப் பக்கமே போகாது, விறாந்தைச் சீமெந்தில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும். தை மாதத்தில்தான் இன்னொன்றைக் கண்டேன். பனி பெய்து, வாடைக்காற்று வேலியால் நுழைந்த ஓர் இரவு, பத்தரை மணிக்கு லாம்பு வெளிச்சத்தில் கிணற்றடிக்குப் போனபோது நாய் பலாமரத்தடிக் குழிக்குள் மூக்கை வாலுக்குள் செருகிச் சுருண்டு கிடந்தது. குனிந்து அதன் வயிற்றுக்குக் கீழே கையை விட்டு மண்ணைத் தொட்டேன். மத்தியானத்து வெயில் அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்தது.